ஆள்பிழை

நரிக்கல் மலை உச்சியில் இருக்கும் பழைய வானாய்வகத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரிய தொலைநோக்கியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்புக் கணக்கு. “இதுல இப்ப ஏதாவது தெரியுமா?” என்று கேட்பார்கள். தெரியாது என்றதும் நகர்ந்துவிடுவார்கள். ஊசல் கடிகாரங்கள், கோடு போட்ட பித்தளை வட்டங்கள், சூரியனைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் கொட்டாவி விட்டபடியே கடப்பார்கள். கடைசி அறையிலிருந்த செயற்கை நட்சத்திர இயந்திரத்தின் முன்னால்தான் தள்ளுமுள்ளு நடக்கும். அழுத்துவதற்கு அதில் ஒரு பொத்தான் இருந்தது.

இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்த வானாய்வகத்தின் காப்பாளர் ரெபேக்காவுக்கும் அந்த அறைதான் பிடிக்கும். அவளுக்கு முன்னால் காப்பாளராக இருந்த அவள் கணவர் இஸ்ரவேல், துருப்பிடித்துக் கிடந்ததைக் கழற்றி மாட்டி ஓட வைத்த இயந்திரம் அது. சாவி கொடுத்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெல்ல ஊர்ந்துபோகும். அதுதான் நட்சத்திரம். நடுவில் செங்குத்தாக ஒரு சிலந்தி இழை. முன்பு ஒருவர் மட்டும் கண் வைத்துப் பார்க்கிற குழாய்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டுமே என்று இஸ்ரவேல் தேய்த்த கண்ணாடியில் ஒரு திரை பொருத்தியிருந்தார்.

அன்றைக்கு வந்தது ஏழாம் வகுப்பு. கூட்டி வந்தவர் உமையாள் டீச்சர், வருஷா வருஷம் வருகிறவர். ரெபேக்கா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

“அந்தக் காலத்துல நட்சத்திரம் இந்த இழையைத் தாண்டற நேரத்தை வச்சுத்தான் ஊருக்கே மணி சொன்னாங்க. தாண்டினதும் ஒருத்தர் பொத்தானை அழுத்தணும். ஆனா கண்ணுல பட்டு, மூளைக்குப் போய், விரலுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் தாமதம் ஆயிடும். அது ஆளுக்கு ஆள் மாறும். அதுக்குப் பேரு ஆள்பிழை. வேலைக்குச் சேர்றவங்க எல்லாரையும் முதல்ல இந்த மெஷின் முன்னாடி உக்கார வச்சு, உன் பிழை இவ்வளவுன்னு அளந்துடுவாங்க. அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் அதுல அந்தப் பிழையைக் கழிச்சுட்டுத்தான் எழுதுவாங்க. பெரிய துரையா இருந்தாலும் கழிச்சாங்க. யாரும் கோவிச்சுக்கலை.”

பக்கத்தில் காகித நாடா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிகிறவரை ஒரு பேனா அதில் கோடு இழுக்கும். நட்சத்திரம் இழைக்கு வந்ததும் இயந்திரம் தானாக ஒரு துளை போடும். பொத்தானை அழுத்தினால் இன்னொரு துளை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அழுத்தியவரின் பிழை. ‘சரியான நொடியில் அழுத்தியவர் இதுவரை எவருமில்லை’ என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது.

அந்தப் பலகையால்தான் ரெபேக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். சில வருஷங்களாகவே பெரியவர்கள் அழுத்தினால் இரண்டு துளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாருமே சரியான நொடியில் அழுத்தினார்கள். அப்படி எப்படி நடக்கும்? பழைய இயந்திரம், எங்கேயோ தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, தானாகத் துளை போடும் முனை சற்று முந்தி விழும்படி அதன் திருகைக் கொஞ்சம் திருப்பிவைத்தாள். அதற்குப் பிறகு பெரியவர்கள் ஒழுங்காகத் தாமதமானார்கள். பலகையின் மானமும் காப்பாற்றப்பட்டது. பழைய கருவிகளோடு குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லாம் செய்கிற காரியம்தான் இது. கருவிக்கும் உலகத்துக்கும் சண்டை வந்தால் அவர்கள் கருவியைத்தான் திருகுவார்கள்.

டீச்சர் அழுத்தினார். கொஞ்சம் தாமதம். ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் அழுத்தினாள். ஏகப்பட்ட தாமதம்.

“டீச்சருக்கு இத்துனூண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் இவ்ளோ?” என்றாள் அவள்.

“அவங்க கண்ணு புதுக்கண்ணு இல்லையா, அதான் சுறுசுறுப்பு” என்று ரெபேக்கா சிரித்தாள். பதினெட்டு வயது முடிந்தால் அரசாங்கமே இலவசமாகப் பொருத்திவிடுகிற லென்ஸ் அது. வயதானாலும் மங்காது, இருட்டிலும் துல்லியமாகத் தெரியும். அது இல்லாதவருக்கு வண்டி ஓட்ட உரிமமில்லை, நல்ல வேலையும் இல்லை. ரெபேக்காவுக்கும் இருந்தது.

அடுத்த பிள்ளை பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, நட்சத்திரம் ஊர்ந்து வந்து இழையைத் தாண்டியதும் சட்டென்று அணைந்துபோனது. விளக்கு போய்விட்டது.

“ஐயோ!” என்று பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். “தாண்டறதுக்குள்ள அணைஞ்சுடுச்சு!”

“தாண்டிடுச்சுடா, நீதான் தூங்கிட்டே” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர், கிட்ட வந்துச்சு, அணைஞ்சுடுச்சு.”

“தாண்டிச்சு.”

“தாண்டலை டீச்சர்!” வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்களா? என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். கேளுங்க, மேடமும் பார்த்தாங்க.”

ரெபேக்கா பார்த்தாள். நட்சத்திரம் இழையைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்த்தான் அணைந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், நாடாவைக் குனிந்து பார்த்தாள். பேனாவின் கோடு துளைக்கு வெகு முன்னாலேயே நின்றிருந்தது. திருகைத் திருப்பியதற்கெல்லாம் கணக்குக் கொடுத்தாலும் நட்சத்திரம் இழைக்கு வந்தே சேரவில்லை.

பிள்ளைகள் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு இயந்திரத்துக்குள் வேறு விளக்கைப் போட்டாள். வெளிச்சம் போகிற வழியில் ஒரு தகரத் துண்டை வைத்து, இழைக்கு முன்னாலேயே வெளிச்சம் மறைகிறபடி செய்தாள். சாவி கொடுத்தாள். நட்சத்திரம் வந்தது, இழையைத் தாண்டியது, அணைந்தது. தகரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே பார்த்தாள். அப்போதும் தாண்டியது. இல்லாத ஒரு வெளிச்சம் தன் கண்ணெதிரே இழையைத் தாண்டிப் போவதை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் சொன்ன அதே வார்த்தையை அவளும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறாள். கோர்ட்டில், பைபிளில் கை வைத்து. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

அவள் தம்பி தாவீது அப்போது பெரிய தொலைநோக்கிக்கு எண்ணெய் போட்டு, கண்ணாடி துடைத்துக் காப்பாற்றி வந்தான். புதுக்கண் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன். அந்தத் தொலைநோக்கியின் பெரிய லென்ஸைத் தலைநகருக்கு அனுப்பிவிடலாம் என்று இஸ்ரவேல் சொன்னார், கூடாது என்று இவன் சொன்னான். ஒரு மத்தியானம் கும்மட்டத்தைச் சுற்றியிருக்கும் நடைபாதையில் நின்று இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா முற்றத்திலிருந்து அண்ணாந்து, “போதும், சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டாள். அப்போதுதான் தாவீதின் கை நீண்டது. உள்ளங்கை இஸ்ரவேலின் நெஞ்சில் பட்டது. நடைபாதையின் கைப்பிடிக் கம்பி முறிந்தது. அவர் முற்றத்தில் வந்து விழுந்தார்.

காவலாளியும் பார்த்தான். சுற்றிப் பார்க்க வந்த ஒருவரும் பார்த்தார். புதுக்கண் இருந்த அந்த மூன்று பேர் சொன்னதும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. “அத்தான் சாஞ்ச கம்பி விட்டுடுச்சு, பிடிக்கத்தான் கை நீட்டினேன், எட்டலை” என்று தாவீது சொன்னதை யாரும் நம்பவில்லை. ரெபேக்காவும் நம்பவில்லை. தம்பி என்று பார்க்காமல் உண்மையைச் சொன்னவள் என்று பேப்பரில் எழுதினார்கள். ஆயுள் தண்டனை. அவள் அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை அவளோடு பேசவில்லை. ஆனாலும் பார்த்ததைத்தானே சொன்னோம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரெபேக்கா இத்தனை காலமும் நிமிர்ந்து நடந்தாள்.

இப்போது அந்த ஒன்றும் போய்விட்டது.

மறுநாளே அவள் தனக்குப் புதுக்கண் பொருத்திய டாக்டர் ஹாஜிராவைப் பார்க்கப் போனாள். நாடாவை மேசையில் விரித்துவைத்தாள். ஹாஜிரா அதை எடுத்தும் பார்க்கவில்லை.

“இது எங்க லைன்ல இருக்கறவங்களுக்குப் புதுசு இல்லம்மா” என்றார். “அந்த லென்ஸ் வெறும் கண்ணாடி இல்ல, உங்களுக்கே தெரியும். வெளிச்சத்தை வாங்கி, சுத்தம் பண்ணி, உள்ளே அனுப்புது. அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். நடந்து முடிஞ்சதைத் தாமதமா காட்டினா உங்களுக்குத் தலை சுத்தும். அதனால அடுத்து என்ன நடக்கும்னு அதுவே யூகிச்சு, அதைக் காட்டும்.”

“யூகிச்சா?”

“பந்து வருதுன்னா எங்க போகும்னு தெரியாதா? அது மாதிரி. இன்னும் கொஞ்சம் முன்னாடியே காட்டினா டிரைவர் சீக்கிரம் பிரேக் போடுவான்னு கம்பெனி அதையும் சேர்த்தது. ரோட்ல சாவு எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா? என் சொந்தத் தங்கச்சி பையன் இன்னைக்கு உசுரோட இருக்கான்னா அதனாலதான்.”

“யூகம் தப்பாப் போனா?”

“அடுத்த தடவை இமைக்கும்போது திருத்திடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

“திருத்தறதுக்குள்ள அந்த ஆளு கீழ விழுந்துட்டா டாக்டர்?”

ஹாஜிராவுக்கு அவள் யார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாடாவை மெல்ல எடுத்துப் பார்த்தார். நீட்டிய கை நெஞ்சுவரை போய்ச் சேரும் என்றுதான் எந்த யூகமும் சொல்லும். நெஞ்சு பின்னால் போய்க்கொண்டிருந்தது, கை எட்டவில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

“இதை ஏன் யாருக்கும் சொல்லலை?” என்று ரெபேக்கா கேட்டாள்.

“யாரும் கேக்கலையேம்மா.”

“கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா?”

ஹாஜிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு ஆஸ்பத்திரி இருக்கு, லைசென்ஸ் இருக்கு. அவங்க என்னை விடமாட்டாங்க. மன்னிச்சுக்கோங்க.”

“இதைக் கழட்டிடலாமா?”

“கழட்டலாம். உங்க சொந்த லென்ஸை எடுத்துட்டுத்தான் இதை வச்சோம். கழட்டினா வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சும்.”

வக்கீல் பூங்குன்றன் நல்ல மனிதர். மறுவிசாரணை மனுவை வாங்கிக்கொண்டார், ஆனால் நம்பிக்கை கொடுக்கவில்லை. “நாடா மட்டும் போதாதும்மா. ஜட்ஜ் தன் கண்ணால பார்க்கணும். அவருக்கும் புதுக்கண்ணு. எனக்கும் அதான். அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிடலாம்னா, சான்றிதழ் இல்லாத கண்ணு சாட்சிக்குச் செல்லாதுன்னு சட்டம் வந்தாச்சு. அப்படியே செல்லும்னாலும் எந்த அப்பா அம்மா கொலை கேசுக்குப் பிள்ளையை அனுப்புவாங்க?” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “பெரியவங்கள்ல புதுக்கண்ணு இல்லாத ஆளு யாராவது இருக்காங்களா?”

“ஒருத்தன் இருக்கான்” என்றாள் ரெபேக்கா. “ஜெயில்ல.”

சிறையில் அவள் தாவீதைப் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது என்று வழியெல்லாம் பயந்தாள். அவனோ கம்பி வலைக்குப் பின்னால் வந்து நின்றதும், “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் கத்தியது, நாடா, டாக்டர். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டான்.

“அந்த மெஷினா? நான்தானே அதுக்கு எண்ணெய் போடுவேன். அத்தான் திரை போட்டப்ப நான்தான் கண்ணாடியைத் தேய்ச்சேன்” என்றான். அப்புறம் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப நான் தள்ளலையாக்கா?”

“என்னடா கேள்வி இது? உனக்குத் தெரியாதா?”

“தெரியலைக்கா.” அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். “இங்க வருஷத்துக்கு ஒரு தடவை கமிட்டி வரும். செஞ்ச தப்பை உணர்ந்துட்டியான்னு கேப்பாங்க. உணர்ந்துட்டேன்னு சொன்னாத்தான் தண்டனையில கொஞ்சம் கழிப்பாங்க, வெயில்ல நிக்க விடுவாங்க. முதல்ல எல்லாம் நான் தள்ளலைன்னு சொல்லிட்டிருந்தேன். சிரிப்பாங்க. அப்புறம் யோசிச்சேன். மூணு பேரு பார்த்திருக்காங்க. அதுல ஒருத்தி நீ. நீ பொய் சொல்ற ஆளா? சின்ன வயசுல நான் மாங்கா திருடினதைக்கூட அம்மாகிட்ட மறைக்காம சொன்னவ. நீயே பார்த்தேன்னு சொன்னா, தப்பா பார்த்தது நான்தான்னு தோண ஆரம்பிச்சுடுச்சு. ஆமா, தள்ளினேன்னு சொல்லப் பழகிட்டேன். இப்ப கனவுல தள்ளுறேன்கா. அத்தான் சட்டைப் பொத்தான் உள்ளங்கையில படுது.”

“படலைடா. உன் கை படவே இல்லை.”

“நீ பார்த்தியே.”

“நான் பார்த்தது நடந்தது இல்லடா தம்பி.” வலையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். “மெஷினைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரப் போறேன். உன்னைக் கேப்பாங்க. உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“சரிக்கா” என்றான். சின்ன வயதிலும் எதைச் சொன்னாலும் அவன் இப்படித்தான் சரிக்கா என்பான்.

இயந்திரத்தைப் போர்வைகளில் சுற்றி, வேனில் ஏற்றி, மலையிறக்கம் முழுவதும் ரெபேக்கா அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கோர்ட்டில் நீதிபதியின் மேசைக்கு எதிரே அதை வைத்ததும் வக்கீல்களும் போலீஸ்காரர்களும் டவாலியும் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நீதிபதி வயதானவர், அவசரப்படாதவர். ஆள்பிழை என்றால் என்ன என்று கேட்டு, அவள் சொன்னதை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டார். “துரைக்கும் கழிச்சாங்களா?” என்று சிரித்துக்கொண்டார். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அரசு வக்கீல் எழுந்தார்.

“இந்த இயந்திரம் ரொம்ப நாணயமானதுன்னு சொல்றீங்க. இதுல துளை போடற முனையை யாராவது எப்பவாவது நகர்த்தியிருக்காங்களா?”

பூங்குன்றனின் முகம் மாறியது. இதை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறைக்கவில்லை, முக்கியம் என்றே தோன்றவில்லை.

“நகர்த்தினேன்” என்றாள்.

“நீங்களா? எதுக்கு?”

“பெரியவங்க எல்லாரும் சரியா அழுத்தினாங்க. மெஷின் தேஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். புதுக்கண்ணு முன்னாடியே காட்டுதுன்னு அப்பத் தெரியாது.”

“அதாவது, இயந்திரம் காட்டினது உங்களுக்குப் பிடிக்கலை. உங்களுக்குப் பிடிச்சதைக் காட்டற வரைக்கும் திருகினீங்க.”

“இப்ப பழையபடி வச்சுட்டேன் அய்யா.”

“எது பழையபடின்னு யார் சொல்றது? நீங்கதானே?” அவர் உட்கார்ந்துவிட்டார்.

நாடாவை ஆதாரமாக ஏற்க முடியாது என்று நீதிபதி வருத்தத்தோடு சொன்னார். பூங்குன்றன் எழுந்து, ஒரு தடவை ஓட்டியாவது பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். பூங்குன்றன் எல்லோரும் பார்க்கத் தகரத்தை இழைக்கு முன்னால் பொருத்திக் காட்டினார். ரெபேக்கா சாவி கொடுத்தாள்.

வெளிச்சம் ஊர்ந்தது. இழையைத் தாண்டியது. அணைந்தது.

“தாண்டிடுச்சே” என்றான் டவாலி, தன்னை மறந்து. போலீஸ்காரர்கள் தலையாட்டினார்கள். தகரம் சரியாக மறைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார் அரசு வக்கீல். நீதிபதி மூக்குக்கு மேல் விரல்களை வைத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார்.

“நீங்க என்ன பார்த்தீங்கம்மா?” என்று ரெபேக்காவைக் கேட்டார்.

இந்த ஒரு தடவை பொய் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நெஞ்சு துடித்தது. உண்மைக்காகச் சொல்லும் பொய். ஆனால் பழக்கமில்லாத நாக்கு.

“தாண்டினதைத்தான் பார்த்தேன் அய்யா. ஆனா அது தாண்டலை.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

“இந்தம்மா சொல்றது நிஜமா இருந்தா, புதுக்கண்ணு வந்த நாள்லேருந்து கண்ணால் பார்த்தேன்னு சொன்ன ஒவ்வொரு சாட்சியையும் திரும்ப விசாரிக்கணும். நானே எத்தனை பேரை உள்ளே அனுப்பியிருக்கேன்.” தனக்குள் பேசுவது போல் சொன்னார். “அந்தக் கதவை, ஒருத்தர் திருகின மெஷினை வச்சுத் திறக்க முடியாது. ஆனா திறக்காம தூங்கவும் முடியாது. இந்த அறையில புதுக்கண்ணு இல்லாத ஆளு ஒருத்தர்தான். சட்டப்படி அவர் சாட்சி செல்லாது. ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். அவர் வேற மாதிரி சொன்னார்னா இந்தக் கேஸைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிடறேன்.”

தாவீதைக் கூண்டிலிருந்து இறக்கித் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ரெபேக்கா மறுபடி சாவி கொடுத்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் கண்கள் வெளிச்சத்தோடு மெல்ல நகர்ந்தன, நின்றன. நின்றதை அவள் பார்த்தாள், அல்லது பார்த்ததாக அவள் கண் சொன்னது. அவளைச் சுற்றியிருந்தவர்கள் மறுபடியும், “பாரு, தாண்டிடுச்சு” என்று முணுமுணுத்தார்கள்.

“சொல்லுங்க. தாண்டிச்சா, அதுக்கு முன்னாடியே அணைஞ்சுதா?” என்றார் நீதிபதி.

தாவீது அவரைப் பார்த்தான். போலீஸ்காரர்களைப் பார்த்தான். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் அக்காவைப் பார்த்தான். ரெபேக்கா தலையை அசைக்கக்கூட பயந்துபோய் நின்றாள். சொல்லுடா, சொல்லு என்று மனசுக்குள் கத்தினாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டான். கமிட்டியின் முன்னால் இப்படித்தான் நிற்பானாயிருக்கும்.

“தாண்டிடுச்சுங்க அய்யா” என்றான்.

மனு தள்ளுபடி ஆனது. இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்றார்கள்.

கோர்ட்டுக்குப் பின்னால் கைதிகளை ஏற்றும் வண்டி நின்றது. அவனோடு பேச அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள். உள்ளே கம்பியோரம் அவன் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

“ஏன்டா? ஏன்டா அப்படிச் சொன்னே?”

“எல்லாரும் பார்த்தாங்களேக்கா.”

“உன்னைக் கேட்டாருடா! உன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?”

அவன் தயங்கினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினான். “எனக்கு என்னமோ இழைக்கு முன்னாடியே அணைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்கு எப்பவும் இப்படித்தான்க்கா தெரியும். அன்னைக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. எல்லாரும் ஒண்ணைப் பார்க்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் வேற ஒண்ணைப் பார்த்தா, கோளாறு என் கண்ணுலதானே இருக்கும்? நீயே பார்த்திருக்கே. இன்னைக்கும் தாண்டினதைத்தான் பார்த்தேன்னு சொன்னியே.”

“அதுக்கப்புறம் நான் சொன்னதைக் கேக்கலையாடா?”

“கேட்டேன். நீ எனக்காகச் சொல்றேன்னு தெரிஞ்சுது. பழக்கமில்லாம கஷ்டப்பட்டே. எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம்க்கா.”

காவலர் வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். எஞ்சின் உறுமியது. தாவீது கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது அவள் பிடித்துக்கொண்டு போன அந்த வலது கை. ரெபேக்கா ஓடிப்போய்த் தன் கையை நீட்டினாள்.

அவன் விரல்கள் அவள் விரல்களைத் தொட்டதை அவள் பார்த்தாள். உள்ளங்கை உள்ளங்கையில் படிந்ததைத் தெளிவாகப் பார்த்தாள். வண்டி வாசலைத் தாண்டிப் போன பிறகும் அவள் கையை இறக்காமல் நின்றாள். கையில் எதுவுமே படவில்லை.